எழுதி வாங்காத வாக்குறுதி

ஒரு பெரிய கோல்ஃப் விடுதித் திட்டம் உள்ளாட்சி மன்றத்துக்கு வந்துவிட்டால், பேச்சு உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். வேலையும் முதலீடும் சுற்றுலாவும் ஒரு பக்கம். பறவையும் புல்லும் கடற்கரையும் மறுபக்கம். பத்திரிகைகள் இந்தப் பிரிவினையை அப்படியே ஏற்கின்றன, கவுன்சிலர்களும் அதற்கேற்ப அணி சேர்கிறார்கள். ஆனால் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் மன்றத்தின் முன்னால் இருக்கும் கேள்வி அதுவல்ல என்று நினைக்கிறேன். இழப்பும் பலனும் ஒரே தன்மை கொண்டவை அல்ல என்பதிலிருந்துதான் யோசனை தொடங்க வேண்டும். இழப்பு, இயந்திரம் நிலத்தில் இறங்கிய அன்றே நடந்து முடிகிறது. பலனோ விண்ணப்பதாரரின் ஆலோசகர் எழுதித் தந்த மதிப்பீடு. பத்து இருபது ஆண்டுகளில் சந்தை, வட்டி, உரிமையாளரின் மனம் ஆகிய மூன்றும் ஒத்துழைத்தால் வரக்கூடியது. திட்ட அனுமதி என்பது 'கட்டலாம்' என்று சொல்லும் ஆணை. 'கட்டியே தீர வேண்டும்' என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே சட்டப்படி பிணைக்கப்படாத எந்தப் பலனுக்கும் மன்றம் முழு எடை தரக் கூடாது. கடந்த இருபதாண்டுகளில் பிரிட்டனில் நடந்த சில கோல்ஃப் வழக்குகள், முக்கியமாக ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் நடந்தது, இதை மறுக்க முடியாதபடி காட்டுகின்றன.

அபர்டீன் நகருக்கு வடக்கே பால்மெடி கிராமத்தை ஒட்டிய மெனி எஸ்டேட்டை டொனால்ட் டிரம்ப்பின் நிறுவனம் வாங்கி, 2006இல் அபர்டீன்ஷயர் கவுன்சிலிடம் விண்ணப்பித்தது. இரண்டு 18 குழி மைதானங்கள், 450 அறைகள் கொண்ட ஹோட்டல், 950 விடுமுறைக் குடியிருப்புகள், 36 வில்லாக்கள், தனியாருக்கு விற்க 500 வீடுகள். மொத்த முதலீடு 100 கோடி பவுண்டு என்றார்கள். கட்டுமானக் காலத்தில் சுமார் 6,000 பேருக்கும், பிறகு நிரந்தரமாக 1,200க்கும் மேற்பட்டோருக்கும் வேலை என்றார்கள். ஸ்காட்லாந்தின் 1997ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட வளர்ச்சித் திட்டத்தின்படியே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. அதிலிருந்து விலக வேண்டுமானால் கனமான வேறு காரணங்கள் இருக்க வேண்டும். மெனியில் 500 வீடு கட்டுவது அந்த வளர்ச்சித் திட்டத்தில் இல்லை. திறந்த நாட்டுப்புறத்தில் அப்படியொரு குடியிருப்பை யார் கேட்டிருந்தாலும் வழக்கமாக மறுத்திருப்பார்கள். இங்கே அதைக் கேட்டதற்குச் சொன்ன நியாயம், வீடு விற்ற பணம் இல்லாமல் விடுதி தன் காலில் நிற்காது என்பது. இந்த நியாயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என் வாதத்தின் முதுகெலும்பு.

நிலத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் இருந்த முதல் மைதானத்தின் ஒரு பகுதி ஃபோவெரன் லிங்க்ஸ் என்ற மணல்மேட்டுத் தொடரின் மேல் விழுந்தது. அறிவியல் முக்கியத்துவம் கருதி 1984 முதல் சட்டப் பாதுகாப்பில் இருந்த இடம் அது. அங்கிருந்தது நிலையான மணற்குன்று அல்ல. செடி பிடிக்காத ஒரு பெரும் மணல் விரிப்பு, காற்றின் போக்கில் வடக்கு நோக்கி ஆண்டுதோறும் சில மீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது. அது விட்டுச் சென்ற தடத்தில் வில்போல வளைந்த சிறு வரம்புகள் நின்றன. வரம்புகளுக்கு இடையில், நிலத்தடி நீர் மட்டம் வரை மணல் அரித்துப்போன பள்ளங்களில் ஈரம் கசிந்து, பாசியும் சிறு பூச்செடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடியேறின. பழைய பள்ளம், நடுத்தரப் பள்ளம், நேற்றுப் பிறந்த பள்ளம் எல்லாம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருந்ததால், மணற்கரை எப்படி உருவாகி முதிர்கிறது என்பதை அங்கே நடந்தே படிக்க முடிந்தது. ஆக, பாதுகாக்கப்பட்டது மணல் அல்ல, மணலின் நகர்வு. கோல்ஃப் மைதானத்துக்கோ மணல் நகரவே கூடாது. இன்று புல்தரையாக இருப்பது அடுத்த பருவத்தில் புதைந்துபோனால் ஆட முடியாது. அதனால் மாரம் புல்லை நட்டு மேட்டை நிலைநிறுத்துவது திட்டத்தின் பகுதியாயிற்று. புல் வேர்விட்டால் காற்று தோற்கும். நகர்வு நின்றால் அந்த இடத்தின் அறிவியல் மதிப்பும் நின்றுபோகும். இங்கே சமரசத்துக்கு இடமிருந்தது மைதானத்தின் வரைபடத்தில் மட்டுந்தான். இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பும் மைதானத்தை அந்த மேட்டிலிருந்து விலக்கி அமைக்கலாமே என்றுதான் கேட்டது. விண்ணப்பதாரர் அசையவில்லை. கேட்டபடி முழுதாகத் தாருங்கள், இல்லையென்றால் வேறிடம் போகிறோம் என்றார்.

2007 நவம்பரில் வட்டார அளவிலான குழு ஆதரித்தது. மாத இறுதியில், 29ஆம் தேதி, உள்கட்டமைப்புக் குழுவில் வாக்குகள் 7க்கு 7 என்று சமமாகி, தலைவர் மார்ட்டின் ஃபோர்டின் தீர்மானிக்கும் வாக்கால் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அடுத்த சில நாள்களில் நடந்தவை ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி வரலாற்றில் அபூர்வமானவை. மறுப்பு ஆணை விண்ணப்பதாரர் கைக்குப் போவதற்கு முன்பே ஸ்காட்லாந்து அமைச்சர்கள் விண்ணப்பத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 12 அன்று கவுன்சில் கூடி ஃபோர்டைக் குழுத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அப்போதைய முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட் மெனி அடங்கிய தொகுதியின் உறுப்பினரும்கூட. விண்ணப்பதாரரின் ஆட்களை அவர் சந்தித்தது பற்றி எடின்பரோ நாடாளுமன்றக் குழு ஒன்று தனியே விசாரித்தது. சட்டம் அனுமதித்த ஒரு முடிவைச் சட்டம் அனுமதித்த முறையில் எடுத்த கவுன்சிலரைப் பதவியிறக்கியதை நான் சாதாரண அரசியலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இன்னொரு பெரிய விண்ணப்பம் வரும்போது கை உயர்த்தவிருக்கும் ஒவ்வொரு கவுன்சிலரும் அதை நினைத்துப்பார்ப்பார்.

2008 ஜூனில் பொது விசாரணை நடந்தது. விசாரித்த அதிகாரிகள் மணல்மேட்டுக்குக் கேடு நேரும் என்பதை மறைக்கவில்லை. கேடு உண்டு, ஆனால் பொருளாதாரப் பலன் அதைவிடக் கனமானது என்பதே அவர்கள் கணக்கு. நிதி அமைச்சர் ஜான் ஸ்வின்னி அதே ஆண்டு நவம்பர் 3 அன்று நிபந்தனைகளோடு அனுமதி தந்தார். அந்தக் கணக்கைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ஒரு தட்டில் உறுதியான இழப்பு. மறுதட்டில் 100 கோடியும் 1,200 வேலையும் ஏற்கெனவே வந்துவிட்டதுபோல் வைக்கப்பட்டன. நடந்தது என்ன? மேடு முதலில் நிலைநிறுத்தப்பட்டது. மார்ட்டின் ஹாட்ரீ வடிவமைத்த முதல் மைதானம் 2012 ஜூலையில் திறந்தது. இரண்டாவது மைதானம் திறக்க 2025 ஆயிற்று. 450 அறை ஹோட்டல் எழவில்லை; பழைய எஸ்டேட் மாளிகையைச் சிறிய விடுதியாக்கி நடத்துகிறார்கள். மைதானம் திறந்த பிறகும் பல ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் கணக்கு அறிக்கைகளில் ஊழியர் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. நஷ்டம் மட்டும் ஆண்டுதோறும் பதிவாயிற்று. 2020 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர்ஸ்காட், ஃபோவெரன் லிங்க்ஸைப் பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பாதுகாக்க வேண்டிய அம்சம் அங்கே போதிய அளவில் எஞ்சவில்லை என்பதே காரணம். அனுமதியின்போது எடைபோட்ட இரண்டில், இழப்பு முழுமையாக நிறைவேறிவிட்டது.

இதற்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. அபர்டீன் வட்டாரம் வடகடல் எண்ணெயை நம்பி வாழ்ந்தது, எண்ணெய் தீர்ந்தபின் என்ன என்ற கவலை உண்மையானது. அனுமதி கிடைத்த அதே இலையுதிர் காலத்தில்தான் உலக நிதிச் சந்தை சரிந்தது. அதை எந்த கவுன்சிலரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. நிறுவனமும் தாமதத்துக்குக் காரணம் சொன்னது: மைதானத்துக்கு எதிரே கடலில் காற்றாலைகள் அமைக்க அரசு ஒப்புக்கொண்டது என்றது, வழக்குப் போட்டது, 2015 டிசம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 11 காற்றாலைகள் 2018இல் சுழலத் தொடங்கின. இவையெல்லாம் சரி. ஆனால் இந்தப் பதில் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. சந்தை சரியலாம், கடலில் ஏதாவது வரலாம், உரிமையாளருக்கு ஆர்வம் குறையலாம் என்பதால்தான் மதிப்பீட்டை நிச்சயம்போல் நிறுக்கக் கூடாது. முன்கூட்டி அறிய முடியாத ஆபத்தைச் சுமப்பவர் யார் என்பதையே அனுமதி ஆணை தீர்மானிக்கிறது. மெனியில் அந்த ஆபத்து முழுவதும் நிலத்தின் தலையிலும் ஊரின் தலையிலும் விழுந்தது. விண்ணப்பதாரர் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல காலத்துக்குக் காத்திருக்கலாம். மணல்மேடு அப்படிக் காத்திருக்க முடியாது.

நிபந்தனைகள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. ஸ்காட்லாந்தில் 75ஆம் பிரிவு ஒப்பந்தம் என்ற வலுவான கருவி உண்டு. நிலத்தோடு ஒட்டிக்கொண்டு அடுத்த உரிமையாளரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. விடுதியின் பெரும் பகுதி எழுந்தபின்தான் தனியார் வீடுகள் என்ற வரிசையும் 2008 அனுமதியில் இருந்தது. மேட்டின் மாற்றங்களைக் கவனிக்க ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் அது செயலிழந்தது. மண்ணணை போன்ற சில வேலைகள் முதலில் முடிந்து, பிறகு அனுமதிக்கு வந்தன. 2019 செப்டம்பரில் கவுன்சில் புதிய விண்ணப்பமொன்றை ஏற்றது: 500 வீடுகளும் 50 விடுமுறைக் குடியிருப்புகளும். அப்போது 450 அறை ஹோட்டலுக்கு அடிக்கல்கூட இல்லை. விடுதியைத் தாங்கத்தான் வீடு என்ற பழைய நியாயம் போய், விடுதி இல்லாமலே வீடு என்றாயிற்று. வளர்ச்சித் திட்டத்தை மீற எந்தக் காரணம் சொல்லப்பட்டதோ அந்தக் காரணம் கழன்று விழுந்தது. மீறல் மட்டும் நின்றது. நிபந்தனை ஒரு தடவை எழுதப்படுகிறது. அதைத் தளர்த்தக் கேட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம். கேட்பவரிடம் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். கேட்கப்படும் கவுன்சிலிடம் கையளவு திட்டமிடல் அலுவலர்கள். மறுத்தால் விண்ணப்பதாரர் அமைச்சர்களிடம் மேல்முறையீடு செய்யலாம். அனுமதித்தால் அண்டை வீட்டாருக்கு அப்படியொரு மேல்முறையீட்டு உரிமை ஸ்காட்லாந்தில் இல்லை. இந்தச் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் 'நிபந்தனை போட்டிருக்கிறோம்' என்று சொல்வது போதாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. ஊர்க்காரர்கள் வேண்டும் என்றால் வெளியிலிருப்பவர் தடுக்கலாமா? மெனியில் ஊர் மன்றம் மறுத்தது, மேலிடம் தந்தது. அதையே கண்டிக்கிறவர்கள், ஊர் மன்றம் தந்து மேலிடம் மறுத்தால் என்ன சொல்வார்கள்? அதுவும் நடந்தது. வடக்கே டோர்னாக் ஊருக்கு அருகில் கூல் லிங்க்ஸ் என்ற கடற்கரையில் 18 குழி மைதானம் அமைக்க வந்த விண்ணப்பத்தை ஹைலேண்ட் கவுன்சிலின் குழு 2018 ஜூனில் 16க்கு 1 என்ற வாக்கில் ஏற்றது. சொந்த அலுவலர்கள் மறுக்கச் சொல்லியிருந்தார்கள். அமைச்சர்கள் விண்ணப்பத்தைத் தங்களிடம் எடுத்து, 2019இல் விசாரணை நடத்தி, 2020 பிப்ரவரியில் மறுத்தார்கள். அந்த இடமும் சட்டப் பாதுகாப்பில் இருப்பது. ராம்சார் ஈரநிலத்தின் எல்லைக்குள் வருவது. உலகில் வேறெங்கும் காணப்படாத ஒரு சிறு ஈ இனம் அந்தக் கடற்கரைத் துண்டில் வாழ்கிறது. இளைஞர்கள் வெளியேறும் வட்டாரம் என்பதால் உள்ளூர் ஆதரவு பலமாகவே இருந்தது. அதன் பிறகு உள்ளூர்க் குழுவொன்றே புதிய விண்ணப்பம் போட்டது, 2023 டிசம்பரில் கவுன்சில் மறுபடி ஏற்றது, அமைச்சர்கள் மறுபடி தம்மிடம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: ஊர் மன்றமா, மேலிடமா என்பது விடை தரும் கேள்வியல்ல. இரண்டுமே சரியாகவும் செய்யலாம், தவறாகவும் செய்யலாம். என்ன கேட்டார்கள் என்பதே வேறுபாடு. கூல் விசாரணையில் கேட்டது, குறிப்பிட்ட இந்த மண்ணில் நேரும் கேட்டை ஈடுசெய்யும் என்ற உறுதி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை. மைதானம் வந்தால் முட்புதரை வெட்டி இடத்தை நன்றாகப் பராமரிப்போம் என்ற வாதமும் அங்கே வந்தது. கவனிப்பாரின்றிக் கிடக்கும் நிலம் கெடும் என்பது உண்மைதான். ஆனால் புதர் வெட்ட 18 குழி தேவையில்லை.

ஊர் மக்களின் விருப்பம் என்று பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். வளர்ச்சித் திட்டமும் ஊர் மக்களின் விருப்பந்தான். பல ஆண்டுகள் வரைவு வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, எங்கே வீடு, எங்கே தொழில், எங்கே எதுவும் கூடாது என்று நிதானமாக முடிவு செய்த விருப்பம். எந்தப் பெயரும் எந்தத் தொகையும் மேசைமேல் இல்லாத நேரத்தில் எடுத்த முடிவு என்பதே அதன் பலம். ஒரு பெரிய விண்ணப்பம் வந்ததும் உண்டாகும் ஆரவாரத்தை மட்டும் ஜனநாயகம் என்று அழைத்து, அந்த நிதானமான முடிவைத் தடைக்கல் என்று அழைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. திட்டத்தை மாற்றவே கூடாது என்பதல்ல. மாற்றுவதற்குரிய காரணம், மாற்றத்தோடு சேர்த்துப் பூட்டப்பட வேண்டும்.

இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் நடந்த செர்க்லி கோர்ட் வழக்கு இதே சிக்கலை வேறு கோணத்தில் தொட்டது. அழகுக்காகப் பாதுகாக்கப்படும் குன்றுப் பகுதியில், வசதி மிக்கவர்களுக்கான ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் அமைக்க மோல் வேலி கவுன்சில் 2012இல் அனுமதித்தது. அங்கேயும் அலுவலர்களின் பரிந்துரை மறுப்புத்தான். 2013இல் உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. சிலருடைய தனிப்பட்ட வேட்கை பொதுத் தேவையாகாது என்ற நோக்கில் நீதிபதி பேசினார். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி அனுமதியை உயிர்ப்பித்தது; தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற வரி கவுன்சிலின் கொள்கைக்கு விளக்கமாக எழுதியதில்தான் இருந்தது, கொள்கையிலேயே இல்லை என்பது அதன் தர்க்கம். சட்ட நுணுக்கமாகத் தோன்றலாம், ஆனால் உள்ளாட்சிக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு அதிகம் இல்லை. எதை முக்கியம் என்று நினைக்கிறோமோ அதைக் கொள்கையின் வாசகத்திலேயே எழுதிவைக்க வேண்டும். ஓரக்குறிப்பாக விட்டால் நீதிமன்றத்தில் நிற்காது. மைதானம் கட்டப்பட்டுவிட்டது.

அப்படியானால் கவுன்சில் எழுதிவைக்க வேண்டியது எது? முதலில், அலுவலரின் அறிக்கையில் இரண்டு தனித்தனிக் கணக்குகள்: ஒப்பந்தத்தால் பிணைக்கப்பட்ட பலன், வெறும் எதிர்பார்ப்பான பலன். கவுன்சிலர்கள் முன்னதை மட்டும் இழப்புக்கு எதிரே வைத்து நிறுக்கலாம். பிறகு வரிசை. மீட்க முடியாத நிலத்தில் கை வைப்பது கடைசிக் கட்டமாக இருக்க வேண்டும். மெனியில் ஹோட்டலும் முதல் மைதானமும் மேட்டுக்கு வெளியே எழுந்திருந்தால், சந்தை சரிந்த நாளில் மேடு அப்படியே நின்றிருக்கும். அதோடு பணம்: கண்காணிப்புச் செலவையும், பாதியில் நின்றால் இடத்தைச் சீரமைக்கும் செலவையும் விண்ணப்பதாரர் முன்பணமாகக் கட்ட வேண்டும். திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு ஸ்காட்லாந்துக் கவுன்சில்கள் இத்தகைய உத்தரவாதத்தைக் கேட்கின்றன. கோல்ஃபுக்குக் கேட்கத் தடை எதுவும் இல்லை.

இப்படியெல்லாம் கேட்டால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பதே கடைசி மறுப்பு. மணல்மேடு இல்லாமல் உலகத் தரத்தில் கடற்கரை மைதானம் வராது என்ற நம்பிக்கையும் அதற்குள் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அருகில் கிங்ஸ்பார்ன்ஸ் மைதானம் 2000இல் திறந்தது. இன்று அதைப் பார்ப்பவருக்குக் காலகாலமாக அலையும் காற்றும் செதுக்கிய நிலமாகத் தெரியும். அது மார்க் பார்சினென் என்பவர் உழவு நிலத்தில் மண்ணை வாரி உருவாக்கியது. அதே பார்சினென் இன்வெர்னெஸ்ஸுக்கு அருகில் வயல்களில் கட்டிய காசில் ஸ்டூவர்ட் 2009இல் திறந்தது. உலகச் சந்தை மந்தமாக இருந்த நேரம் அது. இரண்டே ஆண்டில், 2011இல், ஸ்காட்டிஷ் ஓபன் அங்கே நடந்தது, பிறகும் சில தடவை நடந்தது. அங்கேயும் எண்ணியதெல்லாம் உடனே எழவில்லை. இரண்டாவது மைதானத்துக்குப் பல ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தால் நட்டப்பட்டவர் முதலீட்டாளர் மட்டுமே. வயலை மறுபடி வயலாக்கலாம் என்ற வழி கடைசி வரை திறந்தே இருந்தது, எதையும் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து யாரும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.